ரோமர் 13 இருக்கும்போது மனுவில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி, ஜூன் 4

எங்கள் தெருவுக்குப் பின்னால் குளக்கரையில் பேரூராட்சி வண்டி குப்பை கொட்டுகிறது. ஊரார் சேர்ந்து கலெக்டருக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். போன ஞாயிறு எங்கள் பாஸ்டர் ரோமர் 13, அதாவது பவுல் அப்போஸ்தலர் ரோம் சபைக்கு எழுதின கடிதத்தின் 13ஆம் அத்தியாயம் வாசித்தார். அதிகாரத்திற்கு எதிர்த்து நிற்கிறவன் தேவனுடைய நியமத்திற்கு எதிர்த்து நிற்கிறான், ஆகவே விசுவாசிகள் யாரும் அந்த மனுவில் கையெழுத்துப் போடக் கூடாது என்றார். அம்மா போட வேண்டாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பெரியவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு

போடுங்கள் தம்பி. பேனா இல்லையென்றால் சொல்லுங்கள், கூரியரில் அனுப்புகிறேன்.

திங்கள்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. பந்தல் போட்டு, தண்ணீர் வைத்து, வரிசையில் உட்கார வைத்து, "உன் குறையை எழுதிக் கொண்டு வா" என்று அரசாங்கமே கூப்பிடுகிறது. போகிறவன் அதிகாரத்தை எதிர்க்கிறானா? கீழ்ப்படிதலை அவ்வளவு கறாராக எடுத்துக்கொண்டால் போகாதவனைத்தான் கண்டிக்க வேண்டும்.

ஜூன் 5, காலை

நேற்று கேலியாக முடித்துவிட்டேன். விஷயம் கேலி இல்லை, அதனால் தொடர்கிறேன்.

பவுல் ரோமருக்கு எழுதினதைப் படிப்பவர்கள் பிலிப்பி பட்டணத்தில் அவர் செய்ததையும் படிக்க வேண்டும். அப்போஸ்தலர் 16. பவுலையும் கூட்டாளி சீலாவையும் விசாரணை இல்லாமல் அடித்து, தொழுமரத்தில் காலை மாட்டி உள்ளே போட்டார்கள். விடிந்ததும் அதிகாரிகள் சேவகரை அனுப்பி, அந்த ஆட்களை விட்டுவிடு என்று சொல்கிறார்கள். நாமாக இருந்தால் தோத்திரம் சொல்லிவிட்டு ஓடியிருப்போம். பவுல் நகரவில்லை. ரோமக் குடிமக்களாகிய எங்களைப் பகிரங்கமாக அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்புகிறீர்களா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்கிறார். அதிகாரிகள் பயந்துபோய் வந்து தயவாகப் பேசி, ஊரைவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த வசனம். ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள், போனார். ஆனால் முதலில் லீதியாள் வீட்டுக்குப் போய், சகோதரரைப் பார்த்து, ஆறுதல் சொல்லிவிட்டு அப்புறம்தான் போனார். சட்டத்தைக் காட்டிக் கேட்கவும் செய்தார், சொன்னதற்கு இணங்கவும் செய்தார். அந்த ஊரில் அப்போதுதான் முளைத்த சபைக்கு, இவர்கள் யாரோ குற்றவாளிகளின் சீஷர்கள் என்ற பெயர் ஒட்டாமலும் பார்த்துக்கொண்டார். தனக்காக மட்டும் கேட்டிருந்தால் அடி விழும் முன்பே நான் ரோமன் என்று கத்தியிருக்கலாமே.

ஜூன் 5, மதியம்

"வசனம் தெளிவாக இருக்கிறது, நீங்கள் ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்" என்று கேட்ட நாகர்கோவில் அண்ணாச்சிக்கு.

வசனம் தெளிவுதான். ஆனால் அதை ஒரு துண்டாக நறுக்கி வாசிக்கிறோம். 12, 13 என்று அத்தியாய எண் போட்டது பவுல் இல்லை, பல நூற்றாண்டு கழித்து வந்தவர்கள். எண்ணை எடுத்துவிட்டுத் தொடர்ச்சியாக வாசியுங்கள். 12 முடிகிற இடம்: உன் சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குப் போஜனம் கொடு, தீமையை நன்மையினாலே வெல்லு. அடுத்த மூச்சில் மேலான அதிகாரம், பட்டயம், வரி. அதற்கு அடுத்த மூச்சில் 13:8, ஒருவரிடத்தில் ஒருவர் அன்புகூருகிற கடனைத் தவிர வேறே கடன்படாதிருங்கள். பத்தாம் வசனம், அன்பானது பிறனுக்குப் பொல்லாங்கு செய்யாது. முன்னாலும் அன்பு, பின்னாலும் அன்பு. நடுவில் இருக்கிற ஏழு வசனத்தை மட்டும் உருவி எடுத்துத்தான் பிரசங்கம் நடக்கிறது.

எழுதின காலத்தையும் பாருங்கள். கி.பி. 57 வாக்கில், கொரிந்துவிலிருந்து. அரியணையில் நீரோ. ரோமில் அப்போது வரி வசூலிக்கிறவர்கள் மேல் மக்களுக்கு ஏகப்பட்ட ஆத்திரம். கி.பி. 58ல் புகார் முற்றிப்போய், மறைமுக வரிகளையே எடுத்துவிடலாமா என்று நீரோ யோசித்ததாகவும், மூத்தவர்கள் தடுத்ததாகவும் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அதற்குச் சில வருடம் முன்புதான் பேரரசர் கிளவுதியு யூதர்களை ரோமிலிருந்து துரத்தியிருந்தார். திரும்பி வந்தவர்களும் இருக்கிற சபை. வரி கட்டாமல் கலகம் பண்ணினால் முதலில் அடி விழப்போவது இந்தச் சின்னக் கூட்டத்தின் தலையில். இந்த நிலையில் பவுல் "வரியைச் செலுத்துங்கள்" என்று எழுதுவது நீரோவுக்குப் போட்ட கும்பிடு மாதிரி எனக்குத் தெரியவில்லை. சபையில் இருக்கிற பலவீனர்களை நினைத்து எழுதின மாதிரி இருக்கிறது. நீரோ எப்படிப்பட்டவன் என்பது 64ல் ரோம் எரிந்த பிறகுதான் முழுசாகத் தெரிந்தது.

ஜூன் 5, இரவு

"அப்படியானால் ஹிட்லருக்கும் கீழ்ப்படிய வேண்டுமா?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். எந்த ரோமர் 13 விவாதமும் பத்துப் பதிலுக்குள் ஹிட்லரிடம் போய் நிற்கும். நாளை எழுதுகிறேன். பேத்திக்குக் கணக்குப் பாடம் இருக்கிறது.

ஜூன் 7

பிரான்சில் லெ ஷாம்போன் என்று ஒரு மலை ஊர். ஹியூகனாட் என்கிற பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டுகளின் சந்ததியார், சீர்திருத்த சபைக்காரர்கள். அவர்கள் முன்னோரை ராஜாக்களே துரத்தித் துரத்தி அடித்திருக்கிறார்கள். 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் சரணடைந்து, மார்ஷல் பெத்தேன் தலைமையில் விஷி அரசு அமைந்தது. அந்தச் சரணாகதிக்கு மறுநாளே அந்த ஊர்ப் போதகர்கள் ஆந்த்ரே த்ரோக்மே, எதுவார் தெய்ஸ் இருவரும் பிரசங்க பீடத்தில், எங்கள் மனசாட்சிக்கு விரோதமாக வருகிற பலவந்தத்தை ஆவியின் ஆயுதங்களால் எதிர்ப்போம் என்று அறிவித்தார்கள். அடுத்த நாலு வருடம் அந்த ஊரும் சுற்றுப்புறக் கிராமங்களும் யூதர்களை, அதிலும் நிறையப் பிள்ளைகளை, வீட்டிலும் விடுதியிலும் பண்ணையிலும் ஒளித்து வைத்தன.

எல்லாரும் சொல்கிற கதை அதுவரைக்கும். நான் சொல்ல வந்தது 1943 பிப்ரவரி.

சாயங்காலம் போலீசார் த்ரோக்மேயைக் கைது செய்ய வந்தார்கள். அவர் கூட்டத்துக்குப் போயிருந்தார், வீட்டில் மனைவி மக்தா. காத்திருக்கச் சொன்னார். அவர் வந்து பெட்டி கட்டுவதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. மக்தா அந்தப் போலீசாரையும் சாப்பிட உட்காரச் சொன்னார். கணவனைப் பிடித்துப் போக வந்தவர்களுக்கா என்று பிற்பாடு கேட்டவர்களிடம் அவர் சொன்னது, சாப்பாட்டு நேரம், எல்லாருக்கும் பசி, அவ்வளவுதான் என்கிற மாதிரி ஒரு பதில். ரோமர் 12:20ஐ அவர் மேற்கோள் காட்டவில்லை. தட்டு எடுத்து வைத்தார்.

அதற்குள் செய்தி பரவி ஊர் ஜனம் ஒவ்வொருவராக வந்து எதையாவது கொடுத்துவிட்டுப் போகிறது. பஞ்ச காலம், ஆனாலும் மத்தி மீன் டப்பா, மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்திக்குத் தீப்பெட்டி இல்லை என்றதும் கைது செய்ய வந்த அதிகாரியே தன்னுடைய தீப்பெட்டியைக் கொடுத்தார். கழிவறைக் காகிதம் ஒரு சுருள் இருந்தது. முகாமில் போய்ப் பிரித்தால் அதில் பென்சிலால் வேத வசனங்கள் எழுதியிருந்தன.

தெய்ஸையும் பள்ளித் தலைமை ஆசிரியர் ரோஜே டார்சிசாக்கையும் சேர்த்து மூவரையும் லிமோஜ் அருகே ஒரு முகாமில் வைத்தார்கள். ஒரு மாதம் போல ஆன பிறகு விடுதலை, ஆனால் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தாளில் இரண்டு விஷயம். மார்ஷல் பெத்தேனை மதிப்பேன் என்பது ஒன்று. அரசு அதிகாரிகள் இடும் கட்டளைக்குக் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவேன் என்பது இன்னொன்று. போதகர்கள் இருவரும் முதலாவதில் எங்களுக்குத் தகராறு இல்லை, இரண்டாவதில் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். முகாம் அதிகாரிக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்திருக்கும். வெளியே போக ஒரு கையெழுத்துதானே! மறுநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து, கையெழுத்து இல்லாமலே விட்டார்கள்.

இதைவிடச் சுத்தமாக ரோமர் 13ஐ யாரும் வாழ்ந்து காட்டி நான் படித்ததில்லை. கனம் கேட்டான், கொடுத்தார்கள். கைது செய்ய வந்தான், எதிர்த்து அடிக்கவில்லை, ஓடி ஒளியவில்லை, சாப்பாடு போட்டார்கள். மனசாட்சியை எழுதிக் கொடு என்றான், அது உனக்குச் சேர வேண்டியது இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப் போச்சு. 1941 ஆகஸ்டில் பெத்தேன் அரசு ஏதோ விழாவுக்குக் கோயில் மணி அடிக்கச் சொல்லி உத்தரவு போட்டது. லெ ஷாம்போன் கோயிலில் மணி அடிக்கிற அம்மா அடிக்கவில்லை. மணி மார்ஷலுக்குச் சொந்தம் இல்லை, கடவுளுக்குச் சொந்தம் என்று வாசலில் நின்றுகொண்டார். அடிக்கச் சொல்லி வந்தவர்கள் மழை வந்ததும் கலைந்து போனார்களாம். எங்கள் சேகரத்தில் மணி அடிக்கிறவர் எந்த அரசாங்கம் சொன்னாலும் நேரத்துக்கு அடிக்க மாட்டார். அது வேறு விஷயம்.

ஜூன் 9

தூத்துக்குடி தங்கச்சி கேட்டது நியாயம். "ஐயா, நாஜிக் காலத்துக் கதை சொல்வது சுலபம். நமக்கு யார் அந்தத் தாளை நீட்டப் போகிறார்கள்? நம்முடைய கீழ்ப்படிதல் எங்கே சோதிக்கப்படுகிறது?"

பத்திர ஆபீசில், தங்கச்சி.

பாதி ஆயுசு பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இடம் கைமாறுகிற விலை ஒன்று, பத்திரத்தில் எழுதுகிற விலை இன்னொன்று. அரசு குறித்து வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்புக்கு ஒரு ரூபாய் கூடாமல் எழுதுங்கள் என்பார்கள், மீதி ரொக்கம், மஞ்சள் பையில். இதில் எல்லா மதத்தாரும் ஒற்றுமை. ஆனால் ஒரு சபை மூப்பர் எனக்கு மறக்காது. வெளியே மரத்தடியில் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, இந்தக் கிரயத்தை ஆசீர்வதியும் என்று ஜெபித்துவிட்டு உள்ளே வந்து, பாதி விலைக்கு எழுதச் சொன்னார். நான் முழு விலைக்கு எழுதலாமே என்றேன். "அரசாங்கம் நம்ம காசை வீணாக்குதுப்பா" என்றார். அதே மனிதர் அதற்கு முந்தின வாரம், உபவாசப் போராட்டம் ஒன்றில் உட்கார்ந்த வாலிபர்களை ரோமர் 13 சொல்லிக் கண்டித்திருந்தார்.

இதில் அன்பு எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். எனக்கும் வெகுநாள் அது வெறும் வரி விவகாரமாகத்தான் தெரிந்தது. அப்புறம் எங்கள் பக்கம் சாலை அகலப்படுத்த நிலம் எடுத்தார்கள். இழப்பீட்டுக்குச் சந்தை மதிப்பு பார்க்கும்போது அரசின் வழிகாட்டி மதிப்பையும், அந்த வட்டாரத்தில் பதிவான கிரயப் பத்திரங்களின் விலையையும்தான் பார்ப்பார்கள், சட்டமே அப்படி. ஊரே சேர்ந்து பாதி விலைக்கு எழுதி வைத்திருக்கிறது. விளைவு? நிலத்தை விற்காமல் உழுதுகொண்டிருந்த மனுஷனுக்கு, மற்றவர்கள் எழுதின பொய்யின் கணக்கில் பணம் கிடைத்தது. ஆட்டுக் கொட்டகையும் தென்னையும் போய், கையில் வந்த தொகையில் அதே ஊரில் பாதி அளவு இடம்கூட வாங்க முடியாமல் ஒரு குடும்பம் நின்றதை நான் பார்த்தேன். பிறனுக்குப் பொல்லாங்கு செய்யாது என்றது இதைத்தான். வரி ஏய்ப்பில் பிறன் யார் என்று கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 10

இல்லை, அந்த மூப்பர் யார் என்று சொல்ல மாட்டேன். தனிச் செய்தியில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

ஜூன் 12

கோயிலைப் பூட்டச் சொன்னது உபத்திரவம்தானே என்று 2020 ஊரடங்கை எடுத்துப் போட்ட சகோதரருக்கு: அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 12. கோயில் பூட்டியிருந்தது. நாங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடினோம், எதிர்வீட்டு முஸ்லிம் அண்ணன் அவர் வாசலில் உட்கார்ந்து கேட்டார். அவருக்கும் பள்ளிவாசல் இல்லை. அடுத்த தெரு மாரியம்மன் கோயிலும் பூட்டு. எல்லாரையும் சமமாகக் கட்டுகிற, முதியவர்களைக் காப்பாற்றப் போட்ட உத்தரவை உபத்திரவம் என்று சொல்வது எனக்கு அப்போதும் கூச்சமாக இருந்தது. ரகசியமாகக் கூடினவர்கள் "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்" என்கிற வசனத்தைச் சொன்னார்கள். பேதுரு அதைச் சொன்னது இயேசுவின் பெயரையே சொல்லக் கூடாது என்று தடுத்த யூத ஆலோசனைச் சங்கத்தாரிடம்.

ஆனால் மே 7ஆம் தேதி டாஸ்மாக் திறந்து, பெரிய ஆலயங்களைச் செப்டம்பர் வரை இழுத்தபோது, இது என்ன வரிசை என்று கேட்டு எழுதினவர்களும் சரிதான். பூட்டியிருந்தபோது பூட்டை மதித்தவனுக்குத்தான் அந்தக் கேள்வி கேட்க வாய் இருக்கிறது.

ஜூன் 13

மனுவின் நகலை இங்கே போட்ட தம்பிக்கு. நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் மூன்றாவது பத்தியை எடுங்கள். செயல் அலுவலர் காசு வாங்கிக்கொண்டுதான் வண்டியை அனுப்புகிறார் என்கிறீர்கள். ஆதாரம் உண்டா? இல்லையென்றால் அது பொய்ச்சாட்சி, பத்துக் கட்டளையில் இருக்கிறது. "மெத்தனமான, மனசாட்சியற்ற" என்பதையும் அடியுங்கள். என்றைக்கிலிருந்து கொட்டுகிறார்கள், குளத்தின் சர்வே எண், எத்தனை வீட்டுக்குக் குடிநீர்க் கிணறு பக்கத்தில் இருக்கிறது, குப்பையை வேறு எங்கே கொட்டலாம், இதை மட்டும் எழுதுங்கள். அந்த அலுவலருக்கும் மேலிருந்து இடம் ஒதுக்கித் தராத சங்கடம் இருக்கலாம். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.

ஜூன் 15

"கையெழுத்து, மனு எல்லாம் சரி. ஆனால் சட்டத்தையே மீறுவது கிறிஸ்தவனுக்கு ஆகாது" என்கிறார் திருச்சி நண்பர்.

இதே வாதம் 1930ல் நடந்திருக்கிறது, அதுவும் ஒரு தஞ்சாவூர்க் கிறிஸ்தவரோடு. ஜே.சி. குமரப்பா. 1892ல் பிறந்தவர், பம்பாயில் ஆடிட்டர். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசு நிதி படித்தார். இந்தியாவில் வாங்குகிற வரி எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்தவர், அந்தக் கணக்கோடு காந்தியிடம் போனார். உப்புச் சத்தியாக்கிரகம் வந்தபோது, இந்திய ஆங்கிலிக்கன் சபையின் தலைமைப் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட் சட்டமறுப்பை ஏற்கவில்லை. குமரப்பா அவரோடு கடிதத்தில் வாதாடினார், இயேசுவை வைத்தே. அப்புறம் சிறைக்கும் போனார், பல தடவை. இயேசுவின் போதனை பற்றிய புத்தகத்தையே சிறையில் இருந்துதான் எழுதினார்.

ரோமர் 13:7 எவனுக்கு வரி செலுத்தவேண்டியதோ அவனுக்குச் செலுத்து என்கிறது. கணக்குப் பிள்ளையாகப் பிறந்தவன் அதை வாசித்தால், செலுத்தினது என்ன ஆச்சு என்று ரசீது கேட்காமல் இருப்பானா? நாலாம் வசனத்தில் அதிகாரி "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு" ஊழியக்காரன். ஊழியக்காரனிடம் கணக்குக் கேட்பது கலகம் ஆகாது.

அப்போது மிஷனரிகளுக்கும் ஒரு தாள் நீட்டினார்கள். பிரிட்டிஷார் அல்லாத மிஷன் சங்கங்கள் அரசுக்கு விரோதமாக நடக்க மாட்டோம் என்று உறுதி கொடுத்துத்தான் இங்கே வேலை செய்ய முடியும். மதுரையில் அமெரிக்கன் மிஷனில் இருந்த கெய்தான், காந்தியின் கடிதத்தை வைஸ்ராயிடம் கொண்டுபோன ரெஜினால்ட் ரெனால்ட்ஸைத் தன் வீட்டில் தங்க வைத்தார். விருந்தோம்பல்தான், வேறொன்றும் இல்லை. 1930லேயே நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. திரும்பி வந்தார், 1944ல் மறுபடி வெளியேற்றினார்கள். மறுபடி வந்தார். விடுதலைக்குப் பிறகு காந்திகிராமம் வட்டாரத்திலேயே தங்கிவிட்டார். போ என்றால் போனார், அதைப் பாருங்கள். ஆனால் விருந்தாளியை வாசலில் நிறுத்தவில்லை.

ஜூன் 16

திருச்சி நண்பரே, ஒன்று உங்களுக்கு விட்டுக் கொடுக்கிறேன். குமரப்பாவைச் சொல்லிவிட்டு நாளை யாராவது பஸ் கண்ணாடியை உடைத்துவிட்டு நானும் சத்தியாக்கிரகி என்பான். இவர்கள் எல்லாரும் முகத்தை மூடாமல், பெயரைச் சொல்லி, தண்டனையை வாங்கிக்கொண்டவர்கள். அந்தப் பகுதி இல்லாமல் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஜூன் 18

இப்போது நானே எழுதினதில் ஒரு முள். முகத்தை மூடாமல் என்றேன். லெ ஷாம்போனில் எத்தனையோ பேர் முகத்தை மூடினார்கள். பொய்ப் பெயரில் அடையாள அட்டை, பொய்ப் பெயரில் ரேஷன் அட்டை, ராத்திரியில் செய்தார்கள். த்ரோக்மேக்கே அது உறுத்தல், மக்தாவுக்கும். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிப் பழக்குகிறோமே என்ற சங்கடம் அந்த வீட்டில் இருந்தது. இருந்தும் செய்யவிட்டார்கள். யாத்திராகமத்தில் மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும், ஆண் பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம், எபிரெய ஸ்திரீகள் நாங்கள் போவதற்குள் பெற்றுவிடுகிறார்கள் என்று சொன்ன கதையும் இருக்கிறது. தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்றே எழுதியிருக்கிறது.

டார்சிசாக்? அவர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார். அரசுப் பள்ளி ஆசிரியர், போடாவிட்டால் வேலை போகும். அவரைக் கோழை என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள். யூதப் பிள்ளைகள் ஒளிந்திருந்த ஊரில் பள்ளிக்கூடம் நடத்தினவர், அதற்காகவே முகாமுக்குப் போனவர். அதே மனிதர் அந்தக் கையெழுத்தையும் போட்டார். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க முடியும்.

ஜூன் 18, இரவு

"அப்படியானால் பொய் அட்டைக்கு அனுமதி உண்டென்றால், என் பத்திரத்தில் விலை குறைத்து எழுதினதும் பரவாயில்லையே?" சிரிப்புப் பொம்மை போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். சிரிப்பு வரத்தான் செய்தது.

அந்த அட்டை செய்தவனுக்கு அதில் கிடைத்தது என்ன? பிடிபட்டால் முகாம். த்ரோக்மேயின் உறவுக்காரர் டானியல் த்ரோக்மே, தன் பொறுப்பில் இருந்த மாணவர்களைப் பிடித்துப் போனபோது கூடவே போய், 1944ல் மைதானெக் முகாமில் இறந்தார். உங்கள் பத்திரத்தில் மிச்சமான ஒன்பது சதவீதம் யார் பையில் இருக்கிறது, அண்ணாச்சி?